சாரல் நேரத்தில் பாலிஷ் வேண்டாம்: மர நாற்காலிக் கீறலைச் சரிசெய்வது எப்படி?

எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலி, செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அதாவது 1956க்கு முன்னால், தாத்தா புனலூர்ப் பக்கம் செய்து வாங்கியது. நல்ல தேக்கு. வீடு மாறியபோது டெம்போவில் கட்டிய கயிறு நாற்காலியின் ஒரு கையை அரைத்துவிட்டது, மிச்சத்தைப் பூனை பார்த்துக்கொண்டது. நானே சரிசெய்தேன். ஒரு தடவை கெடுத்த பிறகுதான்.

தேங்காய் எண்ணெயை மட்டும் தடவிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கீறல் விழுந்ததும் எல்லோரும் செய்வது அதுதான். கீறல் மறையும், உண்மை. ஆனால் அது காயும் எண்ணெய் இல்லை. தூசியை இழுத்துக் கறுப்பாகும், மேலே பாலிஷும் ஒட்டாது. ஏற்கெனவே தடவியாயிற்று என்றால், டர்பன்டைனில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

அடுத்து, மேலே இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். நாற்காலியின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் (பாலிஷ் கரைக்க உதவும் ஆல்கஹால்) தொட்ட பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்கிற பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லையா? மெலமைனோ பாலியூரித்தேனோ, ஏதாவது செயற்கைப் பூச்சாக இருக்கும். அதில் புதுப் பூச்சு பழையதோடு உருகிச் சேராது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மேலே இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டியதுதான். இனி நான் சொல்வதெல்லாம் அரக்குக்கு. பழைய மரச்சாமான் என்றால் பெரும்பாலும் அதுதான்.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் காயம் பாலிஷில்தான், மரத்தில் இல்லை. சுத்தமான பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து உருண்டையாக்கி, ஸ்பிரிட் கலந்து நீர்க்க வைத்த பாலிஷைத் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையில் இழுங்கள். பழைய அரக்கு கரைந்து புதியதோடு ஒன்றாகிவிடும். துணியை நடுவில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு தோலோடு பிய்த்து எடுக்கும். விமானம் இறங்கி ஏறுவதுபோல் தொட்டு, ஓடி, எழ வேண்டும்.

பள்ளம் என்றால், மரநார் அறுந்திருக்கிறதா, வெறுமனே அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கியது மட்டும் என்றால் அந்த இடத்துப் பாலிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி வையுங்கள். ஆவியில் நார் ஊதி எழும். அறுந்ததற்கு மக்கு, அதாவது குழியை அடைக்கும் கலவைதான். மரத்தூளில் பசை குழைத்து அடைக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. காய்ந்த பசை நிறத்தை வாங்காது, பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கெட்டியான அரக்கில் சாக்பீஸ் பொடியும் கொஞ்சம் காவிப்பொடியும் குழைத்துப் பள்ளத்துக்கு மேலே சற்றுத் தூக்கலாகவே வையுங்கள், காயும்போது சுருங்கும். பிறகு உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள், முதலில் 220 நம்பர் தாள், அப்புறம் அதைவிட நைசான 320. விரலால் தேய்த்தால் பக்கத்தில் புதுக்குழி விழும்.

இனிதான் நான் சறுக்கிய இடம். ஜூலை மாதம், வெளியே சாரல். மழை இல்லையே, தூறல்தானே என்று திண்ணையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டேன். கால் மணி நேரத்தில் நாற்காலிக் கை முழுவதும் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போனது. பதறி மேலே இன்னொரு கோட் அடித்தேன், இன்னும் மோசம். தெருக்கோடி ஆசாரி பார்த்துவிட்டுச் சிரித்தார்: “தம்பி, சாரல் நிக்கட்டும். மரத்துக்கு என்ன அவசரம்?” “போட்டாச்சே அண்ணாச்சி!” என்றேன். “போட்டது எங்கயும் போவாது” என்றார்.

காரணம் எளிது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்றில் உள்ள நீர் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது, வெள்ளையாகத் தெரிவது அதுதான். மரம் கெடவில்லை. நல்ல வெயில் நாளில், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் இரண்டே வீச்சு கொடுத்தேன். பூச்சு இளகி ஈரம் வெளியேறி, பழைய நிறம் வந்துவிட்டது. இப்போது வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல்தான் துணியையே தொடுகிறேன். கோட்டுக்குக் கோட் அரை மணி நேரமாவது விடுங்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

அரக்கைக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள், இரும்பு டப்பாவில் நிறம் கறுக்கும். கரைத்து வைத்து நாளானதை நம்பாதீர்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, காயாமல் ஒட்டினால் கொட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: மேசையில் டம்ளர் வைத்த வளையத்துக்கும் இதே ஸ்பிரிட் வைத்தியமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெள்ளை வளையம் என்றால் ஆமாம், ஈரம் பூச்சில்தான் நிற்கிறது. கறுப்பு வளையம் வேறு கதை. நீர் மரத்துக்குள்ளேயே இறங்கி, பெரும்பாலும் இரும்புத் துருவோடு சேர்ந்து பிடித்த கறை அது. பாலிஷை முழுக்க எடுத்து ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவ வேண்டும். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் நேரத்தில் தொடவே தொடாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசலாமா என்று கேட்டவருக்கு: பூசலாம், அது காயும் எண்ணெய். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகுதான் குப்பைக்கு.