செப்சிஸ் நோயாளியின் எக்கோ: ஏமாறும் இடங்கள்

மழை ஓய்ந்து குளிர் தொடங்கினால் வேலூர்ப் பக்கத்து ஐசியூக்களில் ஸ்க்ரப் டைபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) வரிசை கட்டும். கூடவே புது ஜூனியர்களும் நாங்கள் வழுக்கிய அதே இடங்களில் வழுக்குவார்கள். கல்ச்சர், ஆன்டிபயாட்டிக் எல்லாம் அவர்களுக்கே தெரியும். செப்சிஸில், அதாவது தொற்று முற்றி உறுப்புகள் தடுமாறும் நிலையில், இதயத்தைப் பற்றி, அதை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் எக்கோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"இ.எஃப். 65, ஹார்ட் நார்மல் சார்"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இ.எஃப். என்றால் இடது கீழறை ஒரு துடிப்பில் தன் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஐந்து நாள் காய்ச்சல், வரும்போது பி.பி. 80/40. இரவு ட்யூட்டி டாக்டர் எக்கோ பார்த்து இ.எஃப். 65 என்று எழுதிவிட்டார். சலைன் போனது, பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலினும் ஏறியது. காலை ரவுண்ட்ஸில் எம்.ஏ.பி. (சராசரி ரத்த அழுத்தம்) 68. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கால் முழங்கால்வரை சில்லென்று இருக்கிறது, யூரின் பையில் ஒன்றும் இல்லை, உடலுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று எச்சரிக்கும் லாக்டேட் ஏறியிருக்கிறது.

"எக்கோ?"

"நேத்து நைட்டே பார்த்தாச்சு சார்."

திரும்ப வைத்துப் பார்த்தால் இ.எஃப். 35 தேறவில்லை.

இரவு பார்த்ததும் பொய்யில்லை. செப்சிஸில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கிடக்கும். எதிரே தடுப்பு இல்லாதபோது சோர்ந்த இதயமும் நன்றாகச் சுருங்குவது போலத்தான் தெரியும். காலி வண்டியை யாரும் தள்ளலாம். நார்அட்ரினலின் குழாய்களை இறுக்கிச் சுமையை ஏற்றிய பிறகுதான் தசையின் லட்சணம் வெளியே வரும். அதனால் இ.எஃப். எழுதினால், பக்கத்திலேயே அந்த நேரத்து பி.பி.யையும் நார்அட்ரினலின் டோஸையும் எழுதுங்கள். இரண்டும் இல்லாத இ.எஃப். எனக்கு வேண்டாம்.

கூடவே எல்.வி.ஓ.டி.யில் (இடது கீழறையின் வாசலில்) வி.டி.ஐ. பாருங்கள், ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவு அது, ஒரு நிமிட வேலை. சாதாரணமாக 18 முதல் 22 செ.மீ. இருக்கும், அந்த அம்மாவுக்கு 11. இதயத்தை வலுவாகச் சுருங்கவைக்கும் டோபுட்டமின் தொடங்கினோம், சாயங்காலம் யூரின் வந்தது. இ.எஃப். 65 இருந்தும் வி.டி.ஐ. குறைவாக இருப்பவர்களும் உண்டு. சின்னதாகச் சுருங்கிய இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும், வெளியே போகிற ரத்தம் கொஞ்சம்தான். அங்கே தேவை பெரும்பாலும் சலைன், டோபுட்டமின் இல்லை.

ட்ரோபோனின் ஏறினால் ஹார்ட் அட்டாக்கா?

இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் இந்தப் புரதம் செப்சிஸிலேயே ஏறும். இதயத்தின் சுமையைக் காட்டும் பி.என்.பி.யும் அப்படித்தான். இ.சி.ஜி.யில் மாற்றம், எக்கோவில் ஒரு பகுதிச் சுவர் மட்டும் அசையாமல் இருப்பது, இதையெல்லாம் பார்க்காமல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைத் தொடாதீர்கள். ஸ்க்ரப் டைபஸிலும் டெங்குவிலும் பிளேட்லெட் ஏற்கெனவே சரிந்திருக்கும், ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

வலது பக்கம்

அதையும் பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆர்.வி. (வலது கீழறை) வீங்கியிருந்தால், மேலும் சலைன் கெடுதல்தான்.

கிலோவுக்கு 30 மி.லி.

முதலில் ஏற்றும் சலைனுக்கு அது தொடக்கக் கணக்கு. இளம் பெண், நாடி 140, சலைன் ஏற ஏற மூச்சு வாங்குகிறது என்றால் மைட்ரல் வால்வைப் பாருங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வரும் வால்வுச் சுருக்கம் நம் ஊரில் இன்னும் போய்விடவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கார்டியோமயோபதி'

இதயத் தசை நோய் என்று அப்படியே எழுதி, காலத்துக்கும் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பிழைத்தவர்களுக்குச் செப்சிஸில் வந்த இந்த இதயச் சோர்வு பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். 1984இலேயே மார்கரெட் பார்க்கர் குழுவினர் தங்கள் ஆய்வில் காட்டிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் இன்னொரு எக்கோ எடுங்கள். அப்போதும் இ.எஃப். ஏறவில்லை என்றால் கார்டியாலஜிக்கு அனுப்புங்கள், செப்சிஸுக்கு முன்பே இருந்த கோளாறாக இருக்கலாம்.