வசனமில்லாத பேய் காமிக்ஸ்: சிரிப்பைக் கெடுக்கும் தவறுகள்

முடிதிருத்துபவர் வேலையை முடித்துவிட்டு, ரத்தக்காட்டேரி டிராகுலாவுக்குப் பின்னந்தலையைக் காட்டக் கண்ணாடியைப் பிடிக்கிறார். டிராகுலாவின் உருவம்தான் கண்ணாடியில் தெரியாதே! கண்ணாடியில் வெறும் நாற்காலி. டிராகுலா திருப்தியாகத் தலையாட்டுகிறார். இவ்வளவு போதும், நகைச்சுவை முடிந்தது. இதற்குப் பிறகு முடிதிருத்துபவர் அலறியடித்து ஓடுவதாக இன்னொரு கட்டம் வரைவதுதான் புதிதாக வரைபவர்கள் செய்கிற பெரிய தவறு. சிரித்து முடித்தவரிடம் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று விளக்குவது போல் ஆகிவிடும். கடைசிக் கட்டத்தைக் கையால் மூடிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அந்தக் கட்டம் தேவையில்லை.

ஒரே கதையில் டிராகுலாவுக்கு ஆகாத பூண்டு, சிலுவை, வெயில், கண்ணாடி என்று எல்லாவற்றையும் திணிப்பதும் வேண்டாம். ஒரு பேய், ஒரு விதி, ஓர் அன்றாடச் சங்கடம். அந்த விதியும் வாசகர் மனதில் ஏற்கெனவே இருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லிக்கொடுக்க இங்கே வசனம் கிடையாது. 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலில் அவர் பகலிலும் வெளியே நடமாடுகிறார். வெயில் பட்டால் அழிவு என்பது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தோடு வந்த வழக்கம். நாவலுக்கு விசுவாசமாக டிராகுலாவை வெயிலில் நடக்கவிட்டால், வரைந்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் வாசகர் நினைப்பார்.

விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய ஜீவனுக்கும் இதே கதைதான். 1818இல் வந்த நாவலில் மேரி ஷெல்லி எழுதியபடி மஞ்சள் தோலும் நீண்ட கருங்கூந்தலுமாக வரைந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. தட்டைத் தலையும் கழுத்து ஆணிகளும் 1931 படத்துக்காக ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனை. அதை அப்படியே நகலெடுக்காமல், சதுரத் தலை, தையல் தழும்பு என்று உங்கள் பாணியில் சுருக்கிக்கொள்ளுங்கள். (ஃபிராங்கன்ஸ்டைன் விஞ்ஞானியின் பெயரா, பேயின் பெயரா என்ற பழைய சண்டைக்கு வசனமில்லாத காமிக்ஸில் இடமே இல்லை. பெரிய நிம்மதி!)

சுருக்குவதிலும் அளவு தப்பும். ஓநாய் மனிதனை நாலு கோட்டில் வரைந்தால் வெறும் நாயாகத் தெரிவான். கிழிந்த சட்டை ஒன்று மாட்டிவிட்டால் சரியாகிவிடும். மம்மிக்குத் தொங்கும் துணி நுனியே போதும். உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்கள், அப்போதும் யாரென்று தெரிய வேண்டும். பின்னணியில் அழகுக்காக வௌவால், ஒட்டடை, கோட்டை வேண்டாம். இவ்வளவு குறைவாக வரையும்போது, வரைந்திருக்கிற ஒவ்வொன்றையும் வாசகர் துப்பாகவே எடுத்துக்கொள்வார்.

முகபாவத்தையும் அடக்கி வாசியுங்கள். பேய் தன் சங்கடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டால்தான் நமக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம், பேச்சுக் குமிழை நீக்கிவிட்டு அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், கைப்பேசித் திரை என்று எழுத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவது இன்னொரு தவறு. தலைப்பும் அதில் சேர்த்திதான். ‘மம்மியின் கட்டு அவிழ்ந்தது’ என்று மேலே எழுதிவிட்டால் கீழே பார்க்க என்ன இருக்கிறது? வெறும் எண் போட்டால் போதும்.