எலியின் மூச்சை அளப்பவர்கள் வெப்பநிலையையும் சேர்த்தே அளக்க வேண்டும்

ஆக்சிஜன் குறைந்தால் எலி இரண்டு காரியம் செய்யும். மூச்சைக் கூட்டும், உடல் வெப்பநிலையை இறக்கும். நாம் ஆர்வமாக அளப்பது முதலாவதை. இரண்டாவதை ஓரம் தள்ளியதில் என் மூன்று மாத உழைப்பு வீணானது. மூளைக்குள் மருந்து செலுத்தி இந்தச் சோதனையைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெப்பநிலை இறங்குவதை, உடம்பு தளர்ந்துபோனதன் அடையாளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்கும் பாதையில் விட்டால், ஆக்சிஜன் குறைந்த விலங்கு தானாகவே குளிர்ந்த பக்கம் போய் உட்காரும். உடம்பு குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும் அல்லவா! இந்த இறக்கத்துக்கு அனாபைரெக்சியா என்று பெயர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தில் இருக்கும், உடல் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பிரீஆப்டிக் பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடு, செரட்டோனின் போன்ற, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்கள் அங்கே வேலை செய்கின்றன. மூச்சின் கதை கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் தொடங்குகிறது. அங்குள்ள கரோட்டிட் உடலம் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்லும், குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருள் அந்தச் செய்தியை உள்ளே கடத்தும். சில நிமிடங்களில் மூச்சு உச்சத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் தணியும். தணிப்பதில் காபா, அடினோசின் என்ற வேறு இரண்டு வேதிப்பொருட்களுக்கும் பங்கு உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே வயிற்றுக்குள் வெப்பநிலைப் பதிவானை வைத்துவிடுங்கள். ஆசனவாயில் கம்பி செருகி அளக்காதீர்கள். கையில் பிடித்தாலே எலிக்குச் சூடு ஏறிவிடும். மூச்சை அளக்கும் மூடிய பெட்டியான சேம்பரில் விட்டு ஒரு மணி நேரமாவது சும்மா இருங்கள். இந்தப் பொறுமைதான் புதியவர்களிடம் இருப்பதில்லை. சாதாரணக் காற்றில் முதல் பதிவு எடுத்துவிட்டு, மருந்தையோ வெறும் கரைசலையோ ஊசி வழியாக மூளைக்குள் 100 நானோலிட்டர் செலுத்துங்கள். அப்புறம் 7 சதவீத ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். 5, 15, 30, 60 நிமிடங்களில் காற்றோட்டத்தைச் சற்று நிறுத்தி அழுத்த அலைகளைப் பதியுங்கள். 1 மி.லி. காற்றைச் சிரிஞ்சால் செலுத்தி அளவைச் சரிபார்ப்பதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

நான் சறுக்கியது இதற்கடுத்த கணக்கில்தான். உள்ளே போகும் காற்று எலியின் உடம்பில் சூடாகி ஈரமாவதால்தான் சேம்பரில் அழுத்தம் ஏறுகிறது. 1955-இல் டிரார்பாவும் ஃபென்னும் வெளியிட்ட முறை இது. எனவே ஒரு மூச்சின் அளவைக் கணக்கிடும் சூத்திரத்துக்குள் உடல் வெப்பநிலையும் இருக்கிறது. நான் எல்லா எலிக்கும் 37 டிகிரி என்று போட்டுவிட்டேன். உண்மையில் 35-க்கு இறங்கிய எலிக்கு 37 என்று போட்டால், 25 டிகிரி சேம்பரில் ஒரு மூச்சின் அளவு சுமார் 15 சதவீதம் குறைவாகக் கணக்காகும்.

நான் கொடுத்தது நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் மருந்து. அது அனாபைரெக்சியாவை மட்டுப்படுத்தியதால் அந்த எலிகள் சூடாகவே இருந்தன. அவற்றின் கணக்கு சரியாக வந்தது. வெறும் கரைசல் பெற்றுக் குளிர்ந்த கட்டுப்பாட்டு எலிகளின் மூச்சு மட்டும் காகிதத்தில் சுருங்கியது. "மருந்து மூச்சைக் கூட்டுகிறது" என்று ஸ்லைடு வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். அந்தந்த நிமிடத்தின் வெப்பநிலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டதும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

இன்னும் ஒன்று. குளிர்ந்த உடம்புக்குக் குறைந்த மூச்சே போதும். அதனால் ஆக்சிஜன் நுகர்வையும் அளந்து, மூச்சை அதனால் வகுத்துப் பாருங்கள். கூட்டியது மருந்தா, சூடா என்பது அப்போதுதான் பிடிபடும்.

சாதாரணக் காற்றிலும் அதே மருந்தை ஒரு குழுவுக்குக் கொடுத்தாக வேண்டும். முடிந்தபின் அதே ஊசி வழியாகச் சாயம் செலுத்தி, மூளையை வெட்டிப் பாருங்கள். மருந்து விழுந்த இடம் மாறினால் விளைவும் மாறும்: செரட்டோனின் மூளைத்தண்டில் மூச்சைத் தூண்டும், பிரீஆப்டிக் பகுதியிலோ உடம்பைக் குளிர்விக்கும் பக்கம் சாய்க்கும். சாயம் தள்ளி விழுந்திருந்த எலிகளைத் தனிக் குழுவாக வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். இடம் தவறியபோது மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று காட்ட, ஆய்வுக் கட்டுரையின் மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.