மழைக்குப் பிறகு கோல்ஃப் பங்கரைச் சீராக்குவது எப்படி?

கனமழைக்கு மறுநாள் காலையில் பங்கரை, அதாவது கோல்ஃப் மைதானத்தில் மணல் நிரப்பிய பள்ளத்தைப் பார்த்தால் சரிவில் இருந்த மணல் அடியில் குவிந்திருக்கும், மேலே வெறும் மண் தெரியும், நடுவில் தண்ணீர் நிற்கும். உடனே ரேக்கை (பற்கள் உள்ள வாரு கருவி) எடுத்து மணலை மேலே இழுக்காதீர்கள். ஓடி வந்த நீர் களிமண்ணையும் வண்டலையும் மணலின் மேல் படியவிட்டிருக்கும். அதை மணலோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. பங்கர் கெடுவதற்கு முதல் காரணம் இந்தக் கலப்புதான்.

1. தண்ணீரை வெளியேற்றுங்கள். வடிகால் நன்றாக இருந்தால் தண்ணீர் தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் சிறிய மோட்டார் வைத்து இறைத்து, கிரீன் (பந்து விழும் குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) பக்கம் போகாமல் பள்ளமான இடத்தில் விடுங்கள். பிறகு வடிகால் குழாயின் வெளிவாயைத் தேடிப் பாருங்கள். பல நேரம் புல்லும் சேறும் அந்த வாயைத்தான் அடைத்திருக்கும். வாய் திறந்திருந்தும் நீர் வரவில்லை என்றால், மேல்முனையிலிருந்து ஹோஸ் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

2. வண்டலை வழித்தெடுங்கள். தட்டையான மண்வெட்டியால், பழுப்பாகத் தெரியும் மேல் படிவை மட்டும் சீவி எடுத்து வெளியே கொட்டுங்கள். கொஞ்சம் நல்ல மணலும் சேர்ந்து போனால் போகட்டும். சந்தேகமான மணலைக் கண்ணாடி பாட்டிலில் பாதி நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். மேலே நீர் வெகுநேரம் கலங்கியே இருந்தால் களிமண் அதிகம். அந்த மணல் தண்ணீரை வடியவிடாது, காய்ந்தால் ஓடுபோல் இறுகும்.

3. சரிவைக் கட்டுங்கள். நீர் அரித்த ஓடைகளை முதலில் மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். அதன்மேல் மணலை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தட்டுங்கள். ஒரே அடியாகக் குவித்தால் அடுத்த மழையில் மீண்டும் சரியும். ஒரே இடம் திரும்பத் திரும்ப அரித்தால் குற்றம் மணலில் இல்லை: மேட்டிலிருந்து வரும் நீர் அந்த வழியாக இறங்குகிறது. பங்கருக்கு வெளியே சிறு வரப்போ ஆழமில்லாத வாய்க்காலோ அமைத்து நீரைத் திருப்பிவிடுங்கள்.

4. ஆழத்தை அளவெடுங்கள். மொட்டை முனையுள்ள மெல்லிய கம்பியில் 2, 4, 6 அங்குலக் குறிகள் போட்டு, சில அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பாருங்கள். அடிப்பரப்பில் 4 முதல் 6 அங்குலமும் சரிவில் 2 முதல் 3 அங்குலமும் போதும். குறைந்தால் மட்டை கீழ் மண்ணில் இடிக்கும், ரேக்கின் பற்களும் மண்ணையும் கல்லையும் கிளப்பும். சரிவில் கூடினால் பந்து பாதி புதைந்து நிற்கும்.

மணல் பற்றாமல் போனால், கட்டட வேலைக்கு வந்த மணலைக் கொட்டும் எண்ணம் வேண்டாம். அதில் தூசியும் இருக்கும், 2 மி.மீ.க்கு மேலான கற்களும் இருக்கும். அந்தக் கற்கள் கிரீனுக்குத் தெறித்தால் புல்வெட்டும் கத்தி போய்விடும். துகள்களில் பெரும்பகுதி 0.25 முதல் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். உருண்டைத் துகள் சரிவில் நிற்காது. முனையுள்ள துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். புது மணல் இறுகச் சில மாதம் ஆகும். அதனால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் மணல் நிரப்பாதீர்கள்.

5. ரேக் போடுங்கள். அடிப்பரப்பில் பற்களால் லேசாக, சரிவில் ரேக்கின் பின்புறத்தால் வழவழப்பாக. இயந்திர ரேக் ஓட்டினால் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளி ஓட்டி, மீதியைக் கையால் முடியுங்கள். எப்போதும் ஒரே வழியாக வண்டியை வெளியேற்றினால் அங்கே மணல் மேடாகும், புல்லும் சாகும்.

விளிம்பு வெட்டுவதில் பொறுமை தேவை. அருகம்புல் வகைக் கொடிகள் மணலுக்குள் ஓடும். வளரும் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவற்றை நறுக்க வேண்டும். கொடியை மட்டும் நறுக்குங்கள், மண்ணைச் செதுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் மண் போனால், சில ஆண்டுகளில் பங்கரின் வடிவமே மாறிவிடும். நறுக்கிய துண்டுகளை அன்றே பொறுக்கிவிடுங்கள். ஈரமணலில் கிடந்தால் அவை வேர்விட்டுவிடும்.