யூகேல சின்ன பிசினஸ் நடத்துறவங்க ஸ்டாஃபை பென்ஷன்ல சேர்க்கிறது எப்படி, எங்கெல்லாம் சிக்கும்

யூகேல கடையோ ரெஸ்டாரன்ட்டோ நடத்துறீங்க, சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள் வச்சிருந்தாலும் பென்ஷன் கடமை, அதாவது தகுதி இருக்கிற ஸ்டாஃபை பென்ஷன் ஸ்கீம்ல சேர்த்து உங்க பங்கையும் போடுற கடமை, உங்களுக்கு உண்டு. 2012 அக்டோபர்ல பெரிய கம்பெனிகள்ல ஆரம்பிச்சு 2018க்குள்ள எல்லா முதலாளிக்கும் வந்துருச்சு, இப்ப புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு முதல் ஆள் வேலைக்கு சேர்ற அன்னைக்கே கடமை தொடங்கிடும். அக்கவுண்டன்ட் பாத்துக்குவாருன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. வேலையை அவர்கிட்ட குடுக்கலாம், ஆனா தப்பு நடந்தா ஃபைன் உங்க பேருக்குத்தான் வரும்.

முதல்ல யாரை சேர்க்கணும்னு பாருங்க. வயசு 22ல இருந்து ஸ்டேட் பென்ஷன் (அரசாங்க பென்ஷன்) வாங்குற வயசுக்குள்ள இருந்து, வருஷத்துக்கு 10,000 பவுண்டுக்கு மேல வர்ற கணக்குல சம்பளம் வாங்கினா நீங்களா சேர்த்தே ஆகணும், அவங்க கேக்கணும்னு இல்ல. அதுக்கு குறைவா, ஆனா 6,240க்கு மேல வாங்குறவங்க, இல்ல வயசு அந்த எல்லைக்கு வெளியில இருந்து 16லேர்ந்து 74க்குள்ள இருக்கிறவங்க, தாங்களா கேட்டா சேர்க்கணும், உங்க பங்கும் போடணும். 6,240க்கும் கீழன்னா கேட்டா சேர்த்துவிடணும், உங்க பங்கு கட்டாயம் இல்ல. மனைவி, தம்பி பேரோல்ல (சம்பளப் பட்டியல்ல) இருந்தாலும் இதே ரூல்தான், விசா என்னன்னும் பாக்க மாட்டாங்க. ஒரே ஒரு டைரக்டர், வேற ஸ்டாஃபே இல்லன்னா மட்டும் இந்த கடமை வராது.

நிறைய பேர் மாட்டுறது மணிக்கணக்குல வேலை பாக்குற ஆளுங்க விஷயத்துலதான். 10,000ங்கிறதை வருஷக் கடைசியில கூட்டிப் பாக்கிறது கிடையாது, ஒவ்வொரு சம்பளத்துலயும் பாக்கணும். மாசச் சம்பளம்னா 833 பவுண்ட், வாரச் சம்பளம்னா 192. பார்ட் டைம் ஸ்டூடன்ட் பையன்தானேன்னு நினைப்பீங்க, ஆனா அவனுக்கு 22 ஆயிருந்தா மினிமம் வேஜ்ல வாரம் 20 மணி நேரம் பாத்தாலே 192ஐ தாண்டிடும். வழக்கமா 150 வாங்குறவர் பண்டிகை வாரத்துல ஓவர்டைம் பாத்து 210 வாங்கினா அந்த வாரமே சேர்க்க வேண்டிய ஆளா ஆயிடுவாரு, அடுத்த வாரம் மறுபடி 150க்கு இறங்கினாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான், தானா வெளிய போயிடாது. அதனால ஒவ்வொரு பேரோல் ஓட்டும்போதும் சாஃப்ட்வேர் வயசையும் சம்பளத்தையும் செக் பண்ணுதான்னு உறுதி பண்ணிக்கோங்க, பிறந்த தேதி தப்பா ஏறியிருந்தா 22 ஆன நாளையே விட்டுடும்.

இந்த மாதிரி ஒரு வார ஏற்றத்துக்குத்தான் போஸ்ட்போன்மென்ட் இருக்கு. மூணு மாசம் வரைக்கும் தள்ளிப் போடலாம், அது முடியிற நாள்ல திரும்ப பாத்து அப்ப தகுதி இருந்தா மட்டும் சேர்த்தா போதும். சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும். ஆனா தள்ளிப் போடுறோம்னு அந்த ஆளுக்கு ஆறு வாரத்துக்குள்ள எழுத்துல சொல்லணும், சும்மா மனசுக்குள்ள தள்ளி வச்சா அது போஸ்ட்போன்மென்ட் ஆகாது. நடுவுல அவரே சேர்க்கச் சொன்னா சேர்க்கணும்.

ஸ்கீம் எதுன்னு குழப்பிக்காதீங்க, நெஸ்ட்ங்கிறது அரசாங்கம் அமைச்ச பென்ஷன் ஸ்கீம், எந்த முதலாளி வந்தாலும் ஏத்துக்கணும்னு அதுக்கு கடமை இருக்கு. மத்ததும் இருக்கு, சார்ஜை ஒப்பிட்டுப் பாருங்க.

கணக்கைப் பாப்போம். மொத்தம் குறைஞ்சது 8%, அதுல உங்க பங்கு குறைஞ்சது 3%. சாதாரணமா இது முழுச் சம்பளத்துக்கு இல்ல, 6,240க்கும் 50,270க்கும் நடுவுல இருக்கிற தொகைக்கு. மாசம் 1,200 வாங்குறவருக்கு 520 (6,240ஐ 12ஆல வகுத்தா வர்றது) கழிச்சா 680. நீங்க போடுறது 20.40. அவர் பங்கு 34, ஆனா நெஸ்ட் மாதிரி ஸ்கீம்ல அவர் சம்பளத்துல பிடிக்கிறது 27.20தான், மீதி 6.80 டாக்ஸ் ரிலீஃபா அரசாங்கத்துகிட்ட இருந்து வந்து சேரும், அவர் இன்கம் டாக்ஸ் கட்டுற அளவுக்கு சம்பாதிக்கலன்னாலும் வரும். வாரச் சம்பளம்னா 520க்கு பதில் 120 கழிக்கணும், இந்த செட்டிங்கை மாத்தாம விட்டா மாசக்கணக்குல தப்பு ஓடிட்டே இருக்கும்.

இந்தக் கணக்கை ஸ்டாஃப்கிட்ட உக்காந்து காட்டுங்க, ஏன்னா "அண்ணே, எனக்கு பென்ஷன் எல்லாம் வேணாம், கையில குடுத்துடுங்க"ன்னு கண்டிப்பா யாராவது வருவாங்க. அவரை சேர்க்காம விடுறதுக்கு உங்களுக்கு உரிமை கிடையாது. முதல்ல சேர்க்கணும், சேர்த்துட்டோம்னு ஆறு வாரத்துக்குள்ள லெட்டர் குடுக்கணும், அப்புறம் வேணாம்னா அவரே ஸ்கீம்கிட்ட சொல்லி ஒரு மாசத்துக்குள்ள ஆப்ட் அவுட் பண்ணி வெளிய வரலாம், பிடிச்ச காசு திரும்பக் கிடைக்கும். ஒரு மாசம் தாண்டினா நிறுத்தலாம், ஆனா போட்ட காசு பொதுவா பென்ஷன்லயே இருக்கும். நீங்க ஆப்ட் அவுட் ஃபார்மை நீட்டுறது, வெளிய போனா மணிக்கு கொஞ்சம் கூடத் தர்றேங்கிறது, வேலைக்கு எடுக்கும்போதே பென்ஷன் வேணாம்னு சொல்ல வைக்கிறது எல்லாம் சட்ட விரோதம். இங்க வந்து கடைசி காலத்துக்கு ஒண்ணும் சேர்க்காம உழைக்கிறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இருக்காங்க, வெளிய போனா அந்த 20.40 அவருக்குக் கிடைக்காதுன்னு அவர் பாஷையில புரிய வைங்க, முடிவு அவரோடதா இருக்கட்டும்.

பிடிச்ச காசு அடுத்த மாசம் 22ஆம் தேதிக்குள்ள ஸ்கீமுக்குப் போய்ச் சேரணும். கடமை தொடங்கின நாள்ல இருந்து அஞ்சு மாசத்துக்குள்ள இதையெல்லாம் கண்காணிக்கிற தி பென்ஷன்ஸ் ரெகுலேட்டர்கிட்ட, கடமையை எப்படி செஞ்சோம்னு டிக்ளரேஷன் குடுக்கணும், சேர்க்க யாருமே இல்லன்னாலும் குடுக்கணும், இதை மறந்து நோட்டீஸ் வாங்குறவங்க இருக்காங்க. அந்த நோட்டீஸையும் கண்டுக்காம விட்டா 400 பவுண்ட் ஃபைன், அதுக்கப்புறமும் இழுத்தா நாலு பேர் வரைக்கும் இருக்கிற இடத்துக்கு ஒரு நாளைக்கு 50, அஞ்சு பேர் ஆச்சுன்னா 500. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய போனவங்களை மறுபடி பாத்து, தகுதி இருக்கிறவங்களை திரும்ப சேர்த்து இன்னொரு டிக்ளரேஷன் குடுக்கணும், அந்த தேதியை இன்னைக்கே காலண்டர்ல போட்டு வைங்க. ஆப்ட் அவுட் நோட்டீஸை நாலு வருஷமும் மத்த ரெக்கார்டை ஆறு வருஷமும் பத்திரமா வச்சிருங்க.