வெள்ளைத் தேநீர்: பயந்து பயந்து ஊறவைக்காதீர்கள்

வெள்ளைத் தேநீரை முதல்முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, அதில் சுவையே இல்லை என்பதுதான். நல்ல தேயிலையை வாங்கியவர்கள்கூட இப்படிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால், மிக மென்மையான இலை, சூடு தாங்காது என்று எல்லோரும் எச்சரிப்பதால், பாதி ஆறிய நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துவிடுகிறார்கள். இலைக்குள் இருந்தது இலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தத் தேயிலை செய்யப்படும் விதத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பறித்த கொழுந்தை வாடவிட்டு உலர்த்துவதோடு வேலை முடிகிறது. கறுப்புத் தேயிலையைப்போல் உருட்டி நசுக்குவதில்லை. பச்சைத் தேயிலையைப்போல் வறுப்பதோ ஆவியில் வேகவைப்பதோ இல்லை. ஆகவே இலையின் செல்கள் பெரும்பாலும் உடையாமல் இருக்கின்றன. மொட்டின்மேல் வெள்ளி நிறத்தில் அடர்ந்த பூனைமயிர் வேறு. இத்தனையையும் தாண்டி நீர் உள்ளே இறங்கிச் சாற்றை வெளியே கொண்டுவர, சூடும் வேண்டும், நேரமும் வேண்டும்.

பச்சைத் தேயிலைக்குச் சொல்லப்படும் 70, 75 டிகிரி செல்சியஸ் கணக்கை இதற்கும் பொருத்துவதுதான் முதல் தவறு. 85 முதல் 90 டிகிரியில் தொடங்குங்கள். 200 மில்லி நீருக்கு 3 கிராம், நான்கைந்து நிமிடம். சீனாவின் பூஜியன் மாகாணத்தில் ஃபூடிங், ஜெங்ஹே பகுதிகள் இத்தேயிலைக்குப் பெயர்பெற்றவை. அங்கிருந்து வரும் வகைகளில் மொட்டு மட்டுமே கொண்டது வெள்ளி ஊசி. மொட்டோடு இளம் இலைகளும் சேர்ந்தது பாய் முடான். முற்றிய இலைகள் மிகுந்தது ஷோ மேய். ஷோ மேய் கொதிநீரையே தாங்கும், பழையதானால் அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் விடலாம். உயரமான மலைப்பகுதியில் வசிப்பவர்கள் நீரை ஆறவைக்கவே வேண்டாம்: 2,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர்ந்த பாத்திரமும் சூட்டை விழுங்கும் என்பதால், முதலில் வெந்நீரால் அதை அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

தேக்கரண்டியால் அளப்பதும் ஏமாற்றும். பாய் முடான் இலைகள் விரிந்து பொங்கி நிற்பவை. ஒரு கரண்டியில் ஒரு கிராம்கூடத் தேறாமல் போகலாம். சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. இறுக்கமான உருண்டை வடிகட்டியில் இலையை அடைப்பதும் வேண்டாம், அதற்கு விரிய இடம் வேண்டும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு தவறு. நன்றாக ஊறிய வெள்ளி ஊசித் தேநீரும் வைக்கோல் நிறத்தில் வெளிறியே இருக்கும். கண்ணை நம்பாமல் நாக்கை நம்புங்கள்: இரண்டாம் நிமிடம் முதல் நிமிடத்துக்கொருமுறை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். சப்பென்று இருப்பது எப்போது திடம்பெற்று இனிப்பாகிறது, அந்த இனிப்பு எப்போது துவர்ப்பாகத் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். எந்தப் பொட்டலத்தில் அச்சிட்ட குறிப்பைவிடவும் இது நல்ல வழிகாட்டி. ஒருமுறை ஊற்றியதும் இலையை எறிவதும் வீண். சிறு பாத்திரத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் போட்டு, முதல் ஊற்றுக்கு அரை நிமிடம் விட்டு, பின்னர் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டினால் ஐந்து முறைக்கும் மேல் சாறு தரும். ஒவ்வொன்றும் வேறு சுவையில்.

குளோரின் வாடையுள்ள நீரும் மிகக் கடினமான நீரும் இதன் மெல்லிய மணத்தை அமுக்கிவிடும். பால் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்தால் பால்தான் தெரியும்.

சுவைக்கும்போது பலர் செய்வது, ஆவி பறக்கக் குடிப்பது. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. அதை ஒதுக்கி வைத்தாலும், அந்தச் சூட்டில் நாக்குக்குச் சூடு மட்டுமே தெரியும். சற்று ஆறவிடுங்கள். தேனின் சாயல், உலர்ந்த புல்லின் மணம், முலாம்பழ வாசனை எல்லாம் அப்போதுதான் எழும். காற்றோடு சேர்த்து உறிஞ்சி, விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியே விடுங்கள். பாதிச் சுவை அங்கேதான் இருக்கிறது. காலிக் கோப்பையையும் முகர்ந்து பாருங்கள். காரமான உணவுக்குப் பின்போ பல் துலக்கியவுடனோ இதைக் குடித்தால் எதுவும் பிடிபடாது.

இதில் காஃபின் இல்லை, அல்லது மிகக் குறைவு என்று நம்பி இரவில் குடிப்பவர்களுக்கு: இளம் மொட்டில்தான் காஃபின் செறிவு அதிகம். தூக்கம் கெடுபவர்கள் பகலிலேயே குடிப்பது நல்லது.

மசாலா டப்பாக்களுக்கு அருகில் இதை வைக்காதீர்கள். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் வைத்துத் திறந்து திறந்து எடுத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். வெளிச்சம் படாத, காற்றுப் புகாத டப்பா போதும். ஈரமின்றிக் காத்த வெள்ளைத் தேயிலை ஆண்டுகள் ஆக ஆகக் கனிந்து, உலர்பழச் சாயல் பெறும். ஆகவே நாள்பட்டது என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.