மிக்ஸிங்குக்கு ஹெட்போன் வாங்கும்போது காது ஏமாறும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பக்திப் பாடலை வீட்டிலேயே மிக்ஸ் செய்தேன், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்தேன். குரல், மிருதங்கம், வீணை, பின்னால் தம்பூரா, அவ்வளவுதான். மூன்று இரவு உட்கார்ந்து முடித்து ஹெட்போனில் கேட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் மிருதங்கம் வாசித்த அண்ணன் தன் காரில் போட்டுக் கேட்டார். சரணம் வருவதற்குள் நிறுத்திவிட்டார்.

"தம்பி, தொப்பி எங்க போச்சு? வலந்தலை மட்டும் டிக்கு டிக்குனு கேக்குது. இடது கையால நான் வாசிச்சதையே காணோமே?"

அவர் சொன்னது சரி. அன்று என்னிடம் இருந்தது பாட்டு கேட்பதற்காகச் செய்யப்பட்ட ஹெட்போன். அதில் பேஸ், அதாவது அடித்தொனி, தானாகவே தூக்கலாக இருக்கும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் கும்கி ஒலி அதிகமாகக் கேட்கிறதே என்று, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். பேஸைக் கூட்டாத கார் ஸ்பீக்கரில் போட்டதும், நான் குறைத்தது மட்டும்தான் மிஞ்சியது. ஹெட்போன் எதைக் கூட்டிக் காட்டுகிறதோ அதை நாம் குறைப்போம். எதை மறைக்கிறதோ அதைக் கூட்டுவோம். வாங்கும்போது செய்யும் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேட்டதும் பிடித்துப்போவது

கடையில் நான்கு ஹெட்போனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், பேஸும் ட்ரெபிளும் (மேல் தொனியும்) தூக்கலாக இருப்பதுதான் முதலில் பிடிக்கும். அதோடு, ஒரே வால்யூமில் ஒன்று மற்றதைவிடச் சத்தமாகக் கேட்டால் அதுதான் தரமானது என்று காது முடிவு செய்துவிடும். ஆகவே ஒப்பிடும்போது ஒவ்வொன்றுக்கும் வால்யூமைச் சரிசெய்து, எல்லாம் ஒரே அளவு சத்தத்தில் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்ப மாட்டேன்.

போட்டுக் கேட்க, உங்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த மூன்று நான்கு பாட்டுகளைக் கொண்டுபோங்கள். காரில், டீக்கடையில், வீட்டு ஸ்பீக்கரில் என்று நூறு தடவை கேட்டவையாக இருக்கட்டும். குரலில் ச, ஸ வரும் இடங்களைக் கவனியுங்கள். அந்தச் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியில் வரும். அங்கே ஊசி குத்துவதுபோல் இருந்தால், உங்கள் மிக்ஸில் அந்தப் பகுதியை அளவுக்கு மீறி வெட்டிவிடுவீர்கள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து பாடியதுபோல் வரும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவில் மேல் பகுதி கொஞ்சம் தூக்கல் என்பது அதை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அதில் அருமையாக மிக்ஸ் செய்பவர்கள் ஏராளம். அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு வேலை செய்கிறார்கள், அதுதான் காரணம்.

திறந்ததா, மூடியதா

மூடிய வகையின் பின்புறம் அடைத்திருக்கும். சத்தம் வெளியே கசியாது, வெளிச்சத்தமும் அதிகம் உள்ளே வராது. திறந்த வகையின் பின்புறம் சல்லடைபோல் இருக்கும். இசை தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் காற்றோட்டமாகக் கேட்கும். மிக்ஸிங்குக்குத் திறந்த வகைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அமைதியான அறையில் அது உண்மைதான்.

ஆனால் நம் வீட்டு அறையை நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதம், மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது, தெருவில் வண்டிகள். திறந்த ஹெட்போனில் இத்தனையும் உள்ளே வரும். ரிவெர்ப் என்ற எதிரொலியின் வால் எங்கே முடிகிறது, தம்பூரா எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதையெல்லாம் ஃபேன் சத்தம் விழுங்கிவிடும். நாம் வால்யூமைக் கூட்டுவோம், காது களைத்துப்போகும். ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்ய முடியாத வீட்டில் மூடிய வகைதான் சரி என்பது என் கருத்து. அதே ஹெட்போனில் குரலும் பதிவு செய்வீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம். திறந்த வகையைப் போட்டுக்கொண்டு பாடினால், தாளத்துக்காகக் காதில் ஓடும் க்ளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றுவரை ஸ்டூடியோக்களில் இருக்கிறது. அது மூடிய வகை. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 திறந்த வகை. அதில் குரல் அப்படியே எதிரில் நிற்கும், ஆனால் அடி பேஸ் மெலிந்துதான் கேட்கும். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தப் பகுதியை எச்டி 600இல் மட்டும் கேட்டுத் தீர்மானித்தால் கூட்டிவைக்கத்தான் தோன்றும்.

ஓம் கணக்கு

பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து 250ஐ வாங்கி, லேப்டாப்பில் நேராகச் செருகிவிட்டு, "சத்தமே வரலையே" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓம் என்பது மின்தடையின் அளவு. அது அதிகமாக இருந்தால் ஹெட்போனுக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். அதை மொபைலும் சாதாரண லேப்டாப்பும் கொடுப்பது கடினம். எச்டி 600 இன்னும் மேலே, 300 ஓம். நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸோ (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) தனி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரோ இல்லாமல் இவற்றை வாங்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்டர்ஃபேஸின் ஹெட்போன் அவுட்டுக்கும் ஒரு மின்தடை இருக்கிறது. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழகிய கணக்கு. போனால் சில ஹெட்போன்களில் பேஸின் அளவே மாறிவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் இன்டர்ஃபேஸின் கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பெட்டியில் 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இடையில் எங்கே எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணால் பயனில்லை. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம்: ஒலி சுருக்கப்பட்டு வருகிறது, தாமதமாகவும் வருகிறது. கீபோர்டில் கை வைத்த பிறகு ஸ்வரம் பின்னால் வந்தால் எப்படி வாசிப்பது? வெளிச்சத்தத்தைத் தானே அழிக்கும் வகையும் தன் பங்குக்கு ஒலியை மாற்றிக்கொண்டிருக்கும்.

கண்ணாடியும் வியர்வையும்

இதை யாரும் கடையில் சோதிப்பதில்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாக பேஸ் வெளியேறும். பாட்டு ஓடும்போது இரண்டு கையாலும் கப்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது உங்களுக்கு முழு பேஸும் கேட்கவில்லை என்று அர்த்தம். மூடிய வகையில் இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரியும்.

அரை மணி நேரமாவது கழற்றாமல் போட்டிருங்கள். இரண்டு நிமிடத்தில் மென்மையாகத் தெரியும் ஹெட்போன் அரை மணியில் உச்சந்தலையை நசுக்கும். நம் ஊர் வெயிலுக்கு ரெக்ஸின் மெத்தையில் காது வெந்துபோகும், வெல்வெட் போன்ற துணி மெத்தை தாங்கும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு

எதையும் கூட்டாமல் குறைக்காமல் காட்டும் 'ஃப்ளாட்' ஹெட்போன் வாங்கிவிட்டோம், இனி கேட்பதெல்லாம் உண்மை என்று நம்புவதுதான் அது. ஸ்பீக்கரில் இடது பக்கத்துச் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஹெட்போனில் சேராது. அதனால் இடம் வலமாகப் பிரித்து வைத்தவை மிக அகலமாகத் தெரியும், குரல் தலைக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இது மாறாது. புது ஹெட்போன் வந்ததும் முதல் இரண்டு வாரம் மிக்ஸிங்கைத் தொடாமல், மற்றவர்கள் நன்றாக மிக்ஸ் செய்த பாட்டுகளை மட்டும் அதில் கேட்பது என் வழக்கம். இந்த ஹெட்போனில் நல்ல கிக் ட்ரம் எவ்வளவு கனமாகக் கேட்கும், நல்ல குரல் எவ்வளவு முன்னால் நிற்கும் என்று காதுக்குப் பிடிபட அவ்வளவு நாளாகிறது.

சத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். குறைந்த சத்தத்தில் பேஸ் நம் காதுக்கு மெலிந்து கேட்கும், கூட்டினால் பொங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே வால்யூம் குமிழில் ஒரு புள்ளி வைத்து, பேலன்ஸ் பார்க்கும்போதெல்லாம் அங்கேயே வைத்திருங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்.

கடைசியாக மெத்தையும் கேபிளும். எச்டி 600இல் கேபிளைக் கழற்றி மாற்றலாம். எம்டிஆர்-7506இல் அது உடலோடு சேர்ந்தது, அறுந்தால் பற்றவைக்க வேண்டும். காது மெத்தை நைந்தால் ஒலியே மாறிவிடும், அதனால் அந்த மாடலுக்கு மாற்று மெத்தை இங்கே கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கும்; மிக்ஸில்தான் தப்பு என்று நினைத்து ஒலியை இடம் வலமாக நகர்த்தும் 'பேன்' குமிழை நீங்கள் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.